டீ கொடுக்க வந்தவ

அவரு இல்லீங்க தம்பி. பங்க்ல இருப்பாரு. ஆமா, மெயின் ரோட்டு பெட்ரோல் பங்க்லதான். வர்ற வண்டிக்கெல்லாம் காத்துப் பிடிச்சு விடற வேலை. மத்தியானம் சோத்துக்கு வருவாரு. வந்தாலும் உங்க வண்டியைத் தொட மாட்டாரு, அதையும் இப்பவே சொல்லிப்போடறேன். சென்னியப்பன் மெக்கானிக்குகிட்டப் போ, ரெண்டு ஸ்ட்ரோக் வண்டின்னா அவருதான்னு எவனோ சொல்லியிருப்பான். சொன்னவன் ஒம்பது வருஷத்துக்கு முந்திப் பல்லடம் வந்தவனா இருப்பான்.

உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், சுவத்தோரமாப் போட்டுக்கங்க.

வண்டிக்கு என்ன? ஸ்டார்ட் ஆக ஆறேழு உதை கேக்குது. மேட்டுல இழுக்க மாட்டேங்குது. சரி. மண்ணு ரேஸுக்கு மாத்தி வெச்சிருக்கீங்களாட்ட இருக்குது, பட்டன் டயரு, லைட்டெல்லாம் கழட்டியாச்சு. எப்ப ரேஸு? வர்ற ஞாயித்துக்கெழமையா? கம்ப்ரஷன்தான் தம்பி. பாக்காமயே சொல்லுவேன். ஆனா எதனால போச்சுன்னு மிதிச்சாத்தான் தெரியும். வண்டியை எறக்கி இந்தப் பக்கம் நிறுத்திட்டு ஆட்டோக்காரரை அனுப்பிருங்க. நான் பாத்துச் சொல்றேன்.

சிரிக்கறீங்க. சிரிங்க, சிரிங்க. சிரிக்காத ஆளு இல்லை. கோயமுத்தூர்ல இருந்தெல்லாம் வந்து சிரிச்சிட்டு, அப்பறம் பணிவா நின்னு கேட்டுட்டுப் போவாங்க.

அவருக்குச் சின்னதுலயே இளம்பிள்ளை வாதம் வந்து வலது காலு சூம்பிப் போச்சு. கையி தங்கம். காது அதைவிட. ரோட்டுல போற வண்டிச் சத்தத்தைக் கேட்டு அதுல என்ன கோளாறுன்னு உள்ள உக்காந்துக்கிட்டே சொல்லுவாரு. ஆனா கிக்கரை உதைக்கணுமே, அதுக்கு ஆளு வேணும். கல்யாணமாகி மூணாவது மாசம், நான் தூக்குப்போசியில டீ கொண்டாந்து கொடுக்கப் போனேன். உதைக்கற ஆளு வரலை. வண்டிக்காரன் நின்னு கத்திக்கிட்டிருந்தான். "மயிலா, இதுல ஏறி நில்லு"ன்னாரு. "ஐயோ, சீலை கட்டிக்கிட்டா?"ன்னேன். "சீலையோடதான் நில்லு, இன்ஜினுக்கென்ன தெரியப் போகுது"ன்னாரு. அன்னைக்கு ஆரம்பிச்சது. பதினேழு வருஷம்.

உதைக்கறது வேற தம்பி, பாக்கறது வேற. இன்ஜினுக்குள்ள பிஸ்டன் மேல ஏறறப்பக் காத்து நெருங்கணும். நெருங்கின காத்து எங்கயும் ஓடிடக் கூடாது. அவ்வளவுதான் கம்ப்ரஷன். செருப்பைக் கழட்டிட்டு, வெறும் பாதத்தைக் கிக்கர் மேல வெச்சு, மெதுவா ஏறி நிக்கணும். ஒரு எடத்துல போயி முட்டும். அங்க உடம்பை விட்டுட்டு எண்ணணும். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. நல்ல இன்ஜினு பத்து வரைக்கும் உங்ககூட மல்லுக்கு நிக்கும். பிஸ்டனைச் சுத்திக் காத்தை அடைச்சு நிக்கற ரிங் போனதுன்னா, ஈரச் சாக்கு மேல நிக்கற மாதிரி உள்ளங்காலுக்கு அடியில மெள்ள மெள்ள அமுங்கும். பக்கத்துல நிக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. பாதத்துக்குத்தான் தெரியும்.

நான் சொல்லுவேன், "அமுங்குது". அவரு பிளக்கைக் கழட்டி உள்ள நாலு சொட்டு ஆயில் விட்டு, "இப்ப நில்லு"ம்பாரு. இப்ப அமுங்காம நிக்குதா? அப்ப ரிங்கு. தேஞ்ச சந்துல ஆயில் போயி அடைச்சிருக்குது. ஆயில் விட்டும் அமுங்குதா? அப்ப ரிங்கு இல்லை, மேல ஹெட்டுப் பக்கம் எங்கயோ ஓடுது. இந்த நாட்டு வைத்தியம்தான். இதுக்குத்தான் அத்தனை பேரு வந்தாங்க.

ஒருக்கா உடுமலைப்பேட்டைக்காரர் ஒருத்தரு, வெள்ளைச் சட்டை, "இதென்னய்யா பொம்பளைய ஏத்தி நிறுத்தி வண்டி பாக்கறே, ஜோசியக் கடையா?"ன்னாரு. நான் ஏறி நின்னேன். அஞ்சு எண்ணறதுக்குள்ள, மசிரிழை கணக்கா ஒரு இறக்கம். "ரிங்கெல்லாம் நல்லாத்தான் இருக்குது, பிளக்கு லூஸு"ன்னேன். அந்தாளு சிரிக்கறாரு. எங்கூட்டுக்காரரு ஸ்பானரைப் போட்டாரு. ரெண்டு சுத்து உள்ள போச்சு. மறுபடி நின்னேன், பாறையாட்டம் நிக்குது. "ஜோசியம் பலிச்சுதுங்களா?"ன்னு இவரு கேட்டாரு. அன்னைல இருந்து எம்பேரே மிதியாத்தான்னு ஆயிப்போச்சு. மிதியாத்தா கடைக்குப் போ, மிதியாத்தா சொன்னாச் சரி. அவரும் சிரிச்சுக்குவாரு. அந்தச் சிரிப்பெல்லாம் எங்க போச்சோ.

சொல்றேன், சொல்றேன். வண்டி எங்க ஓடிப் போகுது.

திருமூர்த்தின்னு ஒரு பையன். பையன்னா இருபத்தாறு வயசு, காமநாயக்கன்பாளையம், தறிக்குப் போறவன். அப்பன் இல்லை. அம்மா பாவாத்தா, ஒத்தை மகன். ஊருக்குள்ள ரேஸு ஓட்டறவனுக எல்லாம் தறுதலைகன்னு பேரு, இவன் அப்படி இல்லை. என்னை அக்கான்னுதான் கூப்பிடுவான். வர்றப்ப ஒரு சீப்புப் பழம் கொண்டாருவான். ஆவணியில கல்யாணம், அவிநாசிப் பக்கத்துப் பொண்ணு. போட்டோவைக் காட்டி, "மூக்கு கொஞ்சம் எச்சாத் தெரியுதாக்கா?"ன்னான். "உன் மூக்குக்கு எவ்வளவோ தேவலை"ன்னேன்.

பொங்கலூர்ப் பக்கம் ஒரு மொட்டைக் காட்டுல ரேஸு. அதுக்கு முந்தின நாளு, சனிக்கெழமை காலைல வண்டியைக் கொண்டாந்தான். "அண்ணா, நாலு நாளா லேசா இழுவை கம்மியாட்டம் இருக்குது. எம் மனசுதானோ என்னமோ"ன்னான். இவரு ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் காதைச் சாய்ச்சுக் கேட்டாரு. உதட்டைக் கடிச்சாரு. "சத்தத்துல பிடிபடலை. கழட்டிப் பாத்தரலாமா?"ன்னாரு. கழட்டினா ஒரு நாளாயிரும். புது ரிங் போட்டா உடனே அதைப் போட்டு முறுக்க முடியாது, கொஞ்ச நாளு மெதுவா ஓட்டிப் பழக்கணும். ஞாயித்துக்கெழமை ரேஸு போச்சு. பையன் மூஞ்சி சுண்டிப் போச்சு.

"அக்காவை ஒருக்கா மிதிக்கச் சொல்லுங்கண்ணா. அக்கா சொன்னா அதுதான்."

இவரு என்னைப் பாத்தாரு. "மயிலா, நீ சொல்லு. கழட்டவா, விடவா?"

ஏறி நின்னேன். எண்ணினேன். பத்து. அசையலை தம்பி. சத்தியமா அசையலை. "கல்லாட்டம் நிக்குது, கழட்ட வேண்டாம்"னேன்.

அந்த வருஷமெல்லாம் எங் காலு எப்படி இருந்துச்சுங்கறீங்க! முந்தியெல்லாம் ஒரு நாளைக்கு இருவது வண்டி மிதிச்சாப் பாதம் கன்னிப் போயிரும், வெந்நீர் வெக்கணும். அந்த வருஷம் ஒரு வலி இல்லை, ஒரு எரிச்சல் இல்லை. பழகிப் போச்சு. இரும்பு. பஸ் ஸ்டாண்டுல இருந்து ஊடு வரைக்கும் ஒத்தைச் செருப்போட வந்திருக்கறேன்னாப் பாருங்க. இன்னொண்ணு எங்க விழுந்துச்சுன்னே தெரியலை. அவருதான் பாத்துட்டு, "கல்லு குத்தலையா?"ன்னு கேட்டாரு. கொதிக்கற சைலன்சர்ல பாதம் பட்டு, தோலு பொசுங்கி வாசம் வருது, நான் எங்கயோ ரப்பர் எரியுதுன்னு கடையெல்லாம் தேடிக்கிட்டிருந்தேன்! ஒரு சத்தம் போடலையே நான். மத்த பொம்பளைங்கன்னா ஊரைக் கூட்டியிருப்பாங்க. அப்படிப்பட்ட காலுங்க. அந்தக் காலு பொய் சொல்லுமா?

ரேஸுக்கு நானும் போனேன். இவரு போகலை, கூட்டத்துல நிக்க முடியாது. மூணாவது சுத்து. மேட்டுல ஏறி வண்டி அந்தரத்துல போகுது. சத்தம் பட்டுன்னு நின்னு போச்சு. ஒரு கத்து கத்திட்டு நின்னு போச்சு. பின் சக்கரம் சுத்தலை. சுத்தாத சக்கரம் மண்ணுல எறங்கினா என்ன ஆகும்? ஆளைத் தூக்கி முன்னால எறிஞ்சுது. எந்திரிச்சிருப்பான் தம்பி. கையை ஊனினான், நான் பாத்தேன். பின்னால வந்தவனுக்குத் திருப்ப எடமில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சு போச்சு.

திங்கக்கெழமை எடுத்தாங்க. சாயங்காலமே அவங்கூட்டாளிங்க வண்டியைக் கொண்டாந்து கடையில போட்டுட்டுப் போயிட்டாங்க. மறுநாள் காலைல இவரு கழட்டினாரு. ரிங்கு ஒடைஞ்சு, ஒடைஞ்ச துண்டு பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவத்துக்கும் நடுவுல ஆப்பு வெச்ச மாதிரி சிக்கியிருக்குது. அந்தத் துண்டைத் துடைச்சு உள்ளங்கையில வெச்சு வெகு நேரம் பாத்தாரு. ஒடைஞ்ச வாயில பாதி பளபளன்னு இருக்குது, பாதி கருப்பா இருக்குது. "கருப்பு பழசு மயிலா. விரிசல் நாலு நாளாவே இருந்திருக்குது"ன்னாரு. நான் சொன்னேன், ஆயில் கறையா இருக்கும், இல்லாட்டி நான் மிதிச்சதுக்கு அப்பறம் விட்ட விரிசலா இருக்கும், அவன் சனிக்கெழமை பூராவும் ஓட்டிப் பாத்தானே. இவரு அந்தத் துண்டைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டாரு.

அப்பறம் ஒரு கூத்துப் பண்ணினாரு. ஒரு வாத்தியாரோட வண்டி ஓரமா நின்னுது. முந்தின வாரம்தான் புது ரிங் போட்டது, மணியாட்டம் இருந்துச்சு. அதுகிட்டப் போயி உக்காந்து கொஞ்ச நேரம் என்னமோ பண்ணிட்டு, "மயிலா, இதை ஒருக்கா மிதி"ன்னாரு.

"நல்லா இருக்கற வண்டியை எதுக்குங்க?"

"மிதி."

மிதிச்சேன். பத்து எண்ணினேன். "நல்லா நிக்குது"ன்னேன்.

"இன்னொருக்கா."

இன்னொருக்காவும் நின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு, நல்லா இருக்குதுன்னேன். இவரு என் பாதத்தையே பாத்துக்கிட்டிருந்தாரு. அப்பறம் ஸ்பானரை எடுத்து, அந்த வண்டிப் பிளக்கைப் போட்டு முறுக்கினாரு. ரெண்டு சுத்து, மூணு சுத்து. "சரியா இருக்கற பிளக்கை எதுக்கு முறுக்கறீங்க?"ன்னேன். "சும்மா"ன்னாரு. சொல்லிட்டுச் சுவத்தைப் பாத்து உக்காந்துக்கிட்டாரு. ஒரு மணி நேரம் திரும்பலை. பையன் போன துக்கத்துல மனுஷனுக்கு என்ன பண்றோம்னே தெரியலை, பாவம்.

அந்தப் பாவம் எல்லாம் வெள்ளிக்கெழமையோட போச்சு. அதுக்கப்பறம் எனக்கு அவரு மேல பாவமே வரலை.

வெள்ளிக்கெழமை பாவாத்தா வந்துச்சு. கூட அதோட அண்ணன், சொந்தக்காரங்க, பத்துப் பேரு. அந்தப் பொம்பளை கத்தலை தம்பி. கத்தியிருந்தாத் தேவலை. அந்த அண்ணன்தான் கேட்டாரு. "வண்டி நல்லா இருக்குதுன்னு இங்க சொன்னதாலதான் பையன் போனான். யாரு பாத்துச் சொன்னது?"

நான் எந்திரிச்சேன். எனக்கென்ன பயம்? நான் பாத்தப்ப நல்லா இருந்துச்சு, அதைச் சொல்லணும். "நாந்தானுங்க"ன்னு வாயெடுத்தேன்.

இவரு ஒரு அதட்டுப் போட்டாரு. பதினேழு வருஷத்துல அப்படி அதட்டினதில்லை. "நீ உள்ள போ!"ன்னாரு. அவங்களைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டே சொன்னாரு. "அவ டீ கொடுக்க வந்தவங்க. அவளுக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்? நாந்தான் பாத்தேன். கழட்டியிருக்கணும். சோம்பேறித்தனமா விட்டுட்டேன்."

டீ கொடுக்க வந்தவ! கேட்டீங்களா? பதினேழு வருஷம் இந்தக் காலு எத்தனை வண்டியைச் சொல்லியிருக்குது. ஒரு வார்த்தையில தொடைச்சு எறிஞ்சிட்டாரு. அதுவும் நடக்காத தப்பை நடந்ததுன்னு ஒத்துக்கிட்டு. எங் காலை நம்பியிருந்தா என்ன சொல்லியிருக்கணும்? "என் பொண்டாட்டி மிதிச்சா, பத்து எண்ணினா, வண்டி நல்லாத்தான் போச்சு"ன்னு நெஞ்சை நிமித்திச் சொல்லியிருக்கணுமா இல்லையா?

பாவாத்தா குனிஞ்சு ரோட்டு மண்ணை ரெண்டு கையிலும் வாரிச்சு. வாரித் தூத்துச்சு, அவரு தலைல, மூஞ்சில. கடை வாசல்ல மூணு தரம். ஒரு பொம்பளை மண்ணு வாரித் தூத்தினா அந்த எடம் வெளங்காதும்பாங்க. எனக்கு அதெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனா அவரு மூஞ்சியைத் தொடைக்கக்கூட இல்லை. கண்ணுல மண்ணோட அப்படியே கும்பிட்டுக்கிட்டே உக்காந்திருந்தாரு.

மறுநாளே கடையைச் சாத்திட்டாரு. சாமானெல்லாம் பழைய இரும்புக்காரனுக்குப் போச்சு. அவரு சாத்தினது போகட்டும், என்னையும் இனி ஒரு வண்டியையும் தொடக் கூடாதுன்னுட்டாரு. அவரு தலை மேல என் கையை வெச்சுச் சத்தியம் வாங்கினாரு. ஏன்னு கேட்டாச் சொல்ல மாட்டாரு.

அடுத்த மாசம் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. எனக்கென்ன சீக்கு? நர்ஸம்மா பாதத்துல என்னமோ வெச்சு, "வலிக்குதா?"ன்னாங்க. "எங்கம்மா குத்தினீங்க?"ன்னு சிரிச்சேன். அந்தம்மா சிரிக்கலை. சக்கரைன்னாங்க. களியும் கீரையும் தின்னு வளர்ந்த உடம்புக்கு எங்க இருந்து சக்கரை வருது? மாத்திரை கொடுத்தாங்க, அவருக்காகப் போட்டுக்கறேன். அன்னைல இருந்து தெனம் காலைல, பங்க்குக்குப் போறதுக்கு முந்தி, என் ரெண்டு காலையும் மடியில தூக்கி வெச்சு விரல் விரலாப் பாப்பாரு. முள்ளு குத்தியிருக்குதான்னு பாக்கறாராம். பக்கத்து ஊட்டுக்காரி பாத்துட்டு, "என்ன மயிலாத்தா, இந்த வயசுல கொஞ்சலா?"ன்னு கேலி பண்றா. கொஞ்சலும் இல்லை, ஒண்ணும் இல்லை. காலைத் தொடத் தெரியுது, அந்தக் காலுக்கு ஊருக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லத் தெரியலை. ஒம்பது வருஷமா சோறு போடறேன், துணி தொவைக்கறேன். மனசு விட்டு ஒரு வார்த்தை அவருகிட்டப் பேசினதில்லை.

சரி, வாங்க. அவரு வர்றதுக்குள்ள பாத்துரலாம். சத்தியம் கெடக்குது, நீங்க ஞாயித்துக்கெழமை ஓட்டணுமில்ல.

வண்டியை நல்லாப் பிடிங்க. செருப்பைக் கழட்டிட்டேனா? இல்லையா? ஆமா, இருக்குது. இப்பச் சரி. ஏறி நிக்கறேன். முட்டுது. ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. ஆறு. ஏழு. எட்டு. ஒம்பது. பத்து.

தம்பி, கம்ப்ரஷன் நல்லாத்தான் இருக்குது. அசையலை. கார்ப்பரேட்டரைச் சுத்தம் பண்ணிட்டு ஓட்டுங்க.

ஏன், என்னமோ மாதிரி பாக்கறீங்க? பையில என்னது? கேஜா? கம்ப்ரஷன் பாக்கற கேஜு. இதை வெச்சுக்கிட்டா இவ்வளவு தூரம் வந்தீங்க? போடுங்க, போட்டுப் பாருங்க, எனக்கென்ன. பிளக்கு எடத்துல அதைத் திருகுங்க. ஆக்சிலேட்டரை முழுசாத் தெறந்து வெச்சு உதைங்க, இல்லாட்டிக் காத்து உள்ள போகாது, தப்பாக் காட்டும். உதைங்க. இன்னும். இன்னும் நாலு.

எத்தனை? எழுவதா? எத்தனை இருக்கணும்? நூத்தி இருவதா?

உங்க கேஜு போயிருச்சு தம்பி. இந்தக் காலத்துச் சாமானெல்லாம் அப்படித்தான். அதைக் கழட்டிப் பிளக்கைப் போடுங்க. நல்லா முறுக்கிப் போடுங்க. நான் கையில அழுத்திக் காட்டறேன். நகருங்க. கீழ உக்காந்துக்கறேன்.

முட்டுது. ஒண்ணு. ரெண்டு.

கையில தெம்பு இல்லை. வழுக்கிருச்சு. இருங்க. ரெண்டு கையிலயும் அழுத்தறேன். ஒண்ணு.

அமுங்குது.

தம்பி, அந்த ஜன்னல்ல ஆயில் டப்பா இருக்குது, தையல் மிஷினுக்கு வெச்சிருக்கறது, எடுங்க. பிளக்கைக் கழட்டி நாலு சொட்டு விடுங்க. போதும். போட்டு முறுக்குங்க.

ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. ஆறு. ஏழு.

நிக்குது.

அப்ப ரிங்கு.

இல்லை, இல்லை, எனக்கொண்ணும் இல்லை. தூக்க வேண்டாம். கொஞ்சம் இப்படியே உக்காந்துக்கறேன். நான் சொல்றதைக் கேளுங்க. ஞாயித்துக்கெழமை போகாதீங்க. எவன் கேலி பண்ணினாலும் போகாதீங்க. இன்ஜினைக் கழட்டச் சொல்லுங்க. ரிங்கோட முனையைப் பாக்கச் சொல்லுங்க. நான் நல்லா இருக்குதுன்னு சொன்னேனில்ல, அதை எடுத்துக்காதீங்க. நான் சொன்னதை எடுத்துக்காதீங்க தம்பி.

மணி என்ன? பதினொண்ணா? காமநாயக்கன்பாளையம் போற பஸ்ஸு பதினொண்ணே காலுக்கு முக்குல நிக்கும். உங்க வண்டி வேண்டாம். பஸ்ஸுலயே போயிக்கறேன்.

நீங்க ஒரு உதவி பண்ணுங்க. கதவைப் பூட்டி, சாவியைப் பங்க்ல அவருகிட்டக் கொடுத்துருங்க. காத்துப் பிடிக்கற எடத்துல ஒரு பலகை மேல உக்காந்திருப்பாரு. நான் எங்கன்னு கேப்பாரு. பாவாத்தா ஊட்டுக்குப் போயிருக்குதுன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவருக்குப் புரியும்.

சோறு வடிச்சு வெச்சிருக்கறேன். நான் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், போட்டுச் சாப்பிடச் சொல்லுங்க.